எங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு வரலாறு இருக்கிறது



இது கொஞ்சம் நீளமான பதிவு. வெங்காயம் நடுகிற காலத்தில் இதையெல்லாம் வாசிக்க யாருக்கும் நேரம் இருக்காது என்று தெரியும். வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களும், தோட்டம் செய்கிறவர்களும் மட்டுமாவது கடைசி வரை வாசியுங்கள்.

சென்ற மாதம் தரம் 10 பிள்ளைகளோடு ஒரு சின்ன வேலை செய்தோம். ஒவ்வொருவரும் ஒரு சுத்தமான போத்தலில் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். நான் கொழும்பில் வாங்கிவந்த சோதனைத் தாள்கள் ஒரு டப்பா இருந்தது. தாளைத் தண்ணீரில் ஒரு விநாடி தோய்த்து எடுத்து ஒரு நிமிடம் பொறுத்தால், நுனியில் இருக்கும் வெள்ளைக் கட்டம் இளஞ்சிவப்பாக மாறும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு நைத்திரேற்று. டப்பாவின் பக்கத்தில் இருக்கும் நிற அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

சில போத்தல்களில் நிறமே மாறவில்லை. சிலவற்றில் லேசாக மாறியது. தோட்டத்துக்கு நடுவே இருக்கும் வீடுகளின் போத்தல்கள் நன்றாகச் சிவந்தன. பிள்ளைகளுக்கு முன்னால் நானும் ஒரு போத்தல் வைத்திருந்தேன். அது எங்கள் உம்மாவின் கிணறு. "இந்தப் பக்கத்திலேயே நல்ல தண்ணி" என்று அயலவர் குடத்தோடு வரும் கிணறு. அதன் தாள் 100 என்ற கட்டத்துக்கு வந்து நின்றது. நமது நாட்டின் குடிநீர்த் தரநிர்ணயம் (எஸ்.எல்.எஸ். 614) அனுமதிக்கும் உச்ச அளவு லீற்றருக்கு 50 மில்லிகிராம்.

வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உம்மா சிரித்தார். "இந்தத் தண்ணியக் குடிச்சித்தானே மகன் நீ வளர்ந்த? இப்ப என்ன புதுசா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் இந்தப் பதிவு இவ்வளவு நீண்டது.

1) மணலும் தண்ணீரும்

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆறு இல்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில் மணல். ஆனாலும் பத்துப் பதினைந்து அடி தோண்டினால் நல்ல தண்ணீர் வருகிறது. சின்ன வயதில் இதை நினைத்து நாம் எல்லோரும் ஆச்சரியப்பட்டிருப்போம்.

இதன் விளக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். 17ஆம் நூற்றாண்டில் கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்கள் ஒல்லாந்தர். அதே ஒல்லாந்து தேசத்தின் கரையோர மணல்மேடுகளை ஆராய்ந்த பாடன் கைபன் என்ற பொறியியலாளர் 1880களின் இறுதியில் ஒரு உண்மையை எழுதினார். வடகடல் தீவொன்றில் கிணறுகளை ஆராய்ந்த ஹெர்ஸ்பேர்க் என்ற ஜேர்மனியர் 1901 இல் அதையே தனியாகக் கண்டுபிடித்து எழுதினார். மழைநீர் மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நன்னீர் பாரம் குறைவு, உப்புநீர் பாரம் கூட. மிதக்கும் நன்னீரின் வடிவம் நாம் விஞ்ஞானப் பாடத்தில் படிக்கும் குவிவு வில்லை மாதிரி, நடுவில் தடிப்பு, ஓரத்தில் மெல்லியது.

அவர்கள் சொன்ன கணக்கு இதுதான். கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். மறுபக்கமாகவும் இதைப் படிக்க வேண்டும். இறைத்து இறைத்து மேல்மட்டத்தை 1 அடி நிரந்தரமாகக் குறைத்தால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறி வரும்.

இலங்கையின் நிலத்தடி நீரை ஆறு வகையாகப் பிரித்து எழுதியவர் மண்ணியல் அறிஞர் சி. ஆர். பானபொக்க. நம்முடையது அதில் கரையோர மணல் நீர்ப்படுக்கை. மன்னாரும் இதே வகைதான். யாழ்ப்பாணம் சுண்ணாம்புக்கல் வகை. இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. மேலே எதைக் கொட்டினாலும் சீக்கிரம் கீழே போய்விடும். மணல் தண்ணீரை வடிகட்டும் என்று நாம் நம்புகிறோம். கலங்கலை வடிகட்டும். கரைந்து போனதை வடிகட்டாது.

2) கையால் இறைத்த காலம், மெசினால் இறைத்த காலம்

நமது மூத்தாப்பாமார் காலத்திலும் இங்கே தோட்டம் இருந்தது. தென்னை, புகையிலை, கொஞ்சம் மரக்கறி. தண்ணீர் பூவலிலும் கிணற்றிலும் இருந்து கையால் அள்ளி ஊற்றப்பட்டது. ஒரு மனிதன் ஒரு நாளில் எத்தனை வாளி அள்ளலாம்? அவனுடைய தோளின் பலம்தான் நிலத்தடி நீருக்கு அப்போதிருந்த பாதுகாப்பு. பசளை ஆட்டெரு, மாட்டெரு, இலைகுழை.

இரண்டு விஷயங்கள் இந்தக் கணக்கை மாற்றின.

ஒன்று யூரியா. காற்றில் இருக்கும் நைதரசனை அமோனியாவாக மாற்றும் முறையை பிரிட்ஸ் ஹேபர் என்ற ஜேர்மன் இரசாயனவியலாளர் 1909 இல் செய்து காட்டினார். கார்ல் பொஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்தார். 1913 இல் முதல் ஆலை இயங்கியது. உலகத்தில் பாதிப் பேர் இன்று சாப்பிடுவது இந்தக் கண்டுபிடிப்பால்தான் என்று சொல்வார்கள். நமது அரசாங்கம் 1962 இல் பசளை மானியத்தைத் தொடங்கியது. யூரியா கிராமத்துக் கடைக்கு வந்தது.

மற்றது நீர் இறைக்கும் மெசின். 1970களுக்குப் பிறகு அது வீட்டுக்கு வீடு வந்தது. மனிதத் தோள் போட்டிருந்த எல்லை அதோடு முடிந்தது. மணல் நிலத்தில் சின்ன வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு, மரக்கறி என்று வருடம் முழுக்கப் பயிர் வைக்க முடிந்தது. நமது பகுதியில் கல் வீடு எழும்பியது, பிள்ளைகள் பல்கலைக்கழகம் போனார்கள். அதை யாரும் மறுக்கக் கூடாது. தோட்டம் செய்தவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. எனது சம்பளத்துக்கு முன்னால் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததும் வெங்காயத் தோட்டத்துக் கூலியில்தான்.

ஆனால் மணலுக்கு ஒரு பலவீனம் இருக்கிறது. யூரியா மண்ணில் உள்ள நுண்ணுயிர்களால் சில வாரங்களுக்குள் நைத்திரேற்றாக மாறுகிறது. நைத்திரேற்றை மணல் பிடித்து வைக்காது. பயிர் எடுத்தது போக மிச்சம் அடுத்த இறைப்போடு கீழே போகிறது. ஒக்டோபர், நவம்பர் மழைக்கு ஒரே அடியாகப் போகிறது. போவது எங்கே? நாம் குடிக்கும் அதே தண்ணீருக்கு. அந்தத் தண்ணீரையே திரும்ப இறைத்துத் தோட்டத்துக்கு விடுகிறோம். அதன்மேல் திரும்பவும் யூரியா போடுகிறோம். இந்தச் சுற்று நாற்பது வருடமாக நடக்கிறது.

3) ஐயோவாவில் இரண்டு குழந்தைகள்

நைத்திரேற்று இருந்தால் என்ன? இதற்கு ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. உப்புத் தண்ணீர் என்றால் வாயில் வைத்ததும் துப்பிவிடுவோம். இது அப்படி இல்லை.

1945 இல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஹன்டர் கொம்லி என்ற வைத்தியர் ஒரு கட்டுரை எழுதினார். பண்ணை வீடுகளில் இருந்து கொண்டுவரப்பட்ட கைக்குழந்தைகள் உதடும் நகமும் நீலம் பாய்ந்து இருந்தன. இருதயத்திலும் நுரையீரலிலும் கோளாறு இல்லை. அவர் குழந்தைகளின் பாலைப் பற்றி விசாரித்தார். பிறகு அந்தப் பாலைக் கரைத்த தண்ணீரைப் பற்றி விசாரித்தார். வீட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று மிக அதிகமாக இருந்தது. கிணற்றுத் தண்ணீரை நிறுத்தியதும் குழந்தைகள் தேறின.

நடப்பது இதுதான். குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறுகிறது. அது இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை மாற்றிவிடுகிறது. மாறிய ஈமோகுளோபினால் ஒட்சிசனைச் சுமக்க முடியாது. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இதைத் திருத்தும் சக்தி இன்னும் வளரவில்லை. பெரியவர்களுக்கு இருக்கிறது. அதனால்தான் ஒரே கிணற்றில் குடித்தும் வாப்பாவுக்கு ஒன்றும் ஆவதில்லை, பிள்ளைக்கு ஆகலாம். கிணற்றில் மலக்கிருமியும் சேர்ந்து குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

கொம்லியின் கட்டுரைக்குப் பிறகு அமெரிக்காவின் பல மாநிலங்களில் இருந்து இப்படியான குழந்தைகள் பற்றிய தகவல்கள் வந்தன. மரணங்களும் இருந்தன. உலக சுகாதார அமைப்பின் 50 மில்லிகிராம் என்ற எல்லையும், நமது எஸ்.எல்.எஸ். 614 இல் இருக்கும் எல்லையும் இந்த அனுபவத்தில் இருந்து பிறந்தவை. முகம் தெரியாத விவசாயிகளின் குழந்தைகள் கொடுத்த விலை அந்த இலக்கத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். "கிட்னி வருத்தம் இதனால்தானே சேர்?" என்று பலர் கேட்கிறார்கள். வடமத்திய மாகாணத்தில் 1990களில் இருந்து பேசப்படும் சிறுநீரக நோய் வேறு கதை. அது பாறை நிலத்துக் கிணறுகளோடு தொடர்புபடுத்தப்படுவது. காரணத்தைப் பற்றி ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. இரண்டையும் போட்டுக் குழப்பினால் எதற்கும் சரியான பரிகாரம் கிடைக்காது.

4) பரிசோதித்தார்கள், நமக்குத் தெரியவில்லை

நமது கிணறுகளை யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருந்தேன். அது பிழை. 1980களிலேயே பிரித்தானியப் புவியியல் ஆய்வாளர்களும் இலங்கை ஆய்வாளர்களும் சேர்ந்து கற்பிட்டியில் நிலத்தடி நீரைச் சோதித்திருக்கிறார்கள். தோட்ட நிலத்தின் கீழுள்ள தண்ணீரில் நைத்திரேற்று கூடியிருந்ததை அப்போதே எழுதிவைத்தார்கள். அதே காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வெங்காயமும் மிளகாயும் செய்யும் செம்மண் பகுதிக் கிணறுகளில் இதே பிரச்சினையைக் கண்டார்கள். அதற்குப் பிறகும் வெவ்வேறு ஆய்வுகள் இங்கே நடந்தன.

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. எங்கள் பாடசாலை நூலகத்தில் இதைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட நான் காணவில்லை. கிணற்றுக்குப் போத்தலோடு வந்தவர்களை ஞாபகம் வைத்திருக்கும் பெரியவர்கள் ஊரில் இருக்கிறார்கள். "வந்தாங்க, எடுத்தாங்க, போனாங்க" என்கிறார்கள். முடிவு என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை.

5) 1990

இந்த வரலாற்றில் எங்கள் குடும்பம் வந்து சேரும் இடம் இது. 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து முஸ்லிம்கள் எல்லோரும் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். ஏறத்தாழ எழுபதாயிரம் பேருக்கு மேல். மன்னார்த் தீவில் இருந்து வந்தவர்களில் பலர் வள்ளங்களில் கடலால் கற்பிட்டியில் வந்து இறங்கினார்கள். உம்மாவின் இடுப்பில் நான் கைக்குழந்தை.

இந்த மண்ணின் மக்கள் எங்களுக்குத் தங்கள் நிலத்தைத் தந்தார்கள், கிணற்றைத் தந்தார்கள். அதை மறந்தால் நாங்கள் மனிதரில்லை. ஆனால் சில ஆயிரம் பேருக்கான தண்ணீர்ப் படுக்கையின் மேல் திடீரென்று பல மடங்கு மக்கள் வந்து குடியேறினார்கள். ஆலங்குடா போன்ற இடங்களில் ஓலைக் கொட்டில்கள் நெருக்கி நெருக்கி எழும்பின. பத்து பேர்ச் காணிக்குள் ஒரு கிணறு, ஒரு மலசலகூடம். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் 50 அடியாவது இடைவெளி வேண்டும் என்பது சுகாதார விதி. காணியே அவ்வளவு நீளம் இல்லாதபோது விதி என்ன செய்யும்?

குழியில் இருந்து கசிவதும் கடைசியில் நைத்திரேற்றுத்தான். தோட்டத்து யூரியாவில் இருந்து வந்ததா, மலக்குழியில் இருந்து வந்ததா என்று சோதனைத் தாளுக்குத் தெரியாது. அதனால் நைத்திரேற்றோடு மலக்கிருமிச் சோதனையும் சேர்த்துச் செய்ய வேண்டும். குடிநீரில் ஈ. கோலி 100 மில்லிலீற்றரில் ஒன்றுகூட இருக்கக் கூடாது. இருந்தால் முதலில் குழியைப் பாருங்கள்.

6) இனி என்ன செய்வது?

அந்தத் தாளைப் பற்றியும் ஒரு கதை. நிறம் மாறும் அந்த முறையை 1879 இல் வெளியிட்டவர் பீற்றர் கிரீஸ் என்ற இரசாயனவியலாளர். அவர் இங்கிலாந்தில் ஒரு பியர் ஆலையில் வேலை செய்தவர். ஏறத்தாழ நூற்றைம்பது வருடப் பழைய அறிவு இன்று ஒரு துண்டுத் தாளில் நமது பிள்ளையின் கையில் இருக்கிறது. ஆனால் தாள் சொல்வது கிட்டத்தட்ட அளவுதான். சிவந்தால் ஆய்வுகூடத்துக்குப் போக வேண்டும். நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்களில் கட்டணத்துக்குச் சோதித்துத் தருவார்கள். பி.எச்.ஐ. மாரிடமும் கேளுங்கள். போத்தலைக் கழுவி, அதே தண்ணீரால் அலசி, நிரப்பி, ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொண்டுபோக வேண்டும். கிருமிச் சோதனைக்கு ஆய்வுகூடம் தரும் போத்தலையே பாவிக்க வேண்டும், அதை அலசக் கூடாது. மழை முடிந்த பிறகு ஒரு தடவை, கோடையின் கடைசியில் ஒரு தடவை சோதித்தால் நல்லது.

கைக்குழந்தை உள்ளவர்களுக்கு: ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். பால்மா கொடுக்க வேண்டிய நிலை என்றால், சோதிக்காத கிணற்றுத் தண்ணீரில் கரைக்காதீர்கள். முக்கியமாக, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் ஆவியாகிப் போக அது இன்னும் செறியும். குளோரினாலும் போகாது, மண் பானை வடியாலும் போகாது. ஆர்.ஓ. இயந்திரம் குறைக்கும், ஆனால் அதன் வடிச் சவ்வு பழசானால் அதையும் சோதிக்க வேண்டும். கிருமிக்காகக் கொதிக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

தோட்டக்காரருக்கு ஒரு கணக்கு. உங்கள் கிணற்றில் நைத்திரேற்று 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் நைதரசன் லீற்றருக்கு ஏறத்தாழ 22.6 மில்லிகிராம். ஒரு ஏக்கருக்கு ஒரு போகத்தில் 20 இலட்சம் லீற்றர் இறைத்தால், தண்ணீரோடு 45 கிலோ நைதரசன் தோட்டத்துக்குப் போகிறது. யூரியாவில் நூற்றுக்கு 46 நைதரசன். ஆக, கிட்டத்தட்ட இரண்டு 50 கிலோ மூடை யூரியா உங்கள் கிணற்றுக்குள்ளேயே கரைந்து கிடக்கிறது. நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியது. 2021 மே மாதம் இரசாயனப் பசளையை ஒரேயடியாக நிறுத்தியபோது நாம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும். யூரியாவுக்கு அலைந்தோமே தவிர, கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று ஒருவரும் பார்க்கவில்லை. விவசாயப் போதனாசிரியரிடம் சோதனை முடிவைக் காட்டி, எவ்வளவு குறைக்கலாம், எத்தனை தடவையாகப் பிரித்துப் போடலாம் என்று கேளுங்கள்.

கிணறு கட்டிக் கொடுக்கும் தனவந்தர்களுக்கும் அமைப்புகளுக்கும் ஒரு வேண்டுகோள். தண்ணீர் கொடுப்பதைவிடச் சிறந்த ஸதகா இல்லை என்பார்கள். கல்லில் பெயர் பொறிக்கும் செலவோடு, தண்ணீரைச் சோதித்து அந்த இலக்கத்தையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.

இந்தச் சோதனை நடந்த இரண்டாம் நாள் ஒரு பிள்ளையின் வாப்பா வந்து, "சேர், எங்கட கிணத்து நம்பர மட்டும் வெளிய சொல்லிராதீங்க. காணி விக்க இருக்கம்" என்றார். அவரது பயம் நியாயமானது. நான் யார் பெயரையும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். ஆனால் அவரிடம் ஒன்று கேட்டேன். "வாங்குற வீட்டில பச்சப்புள்ள இருந்தா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நானே சொல்றன்" என்றார்.

உம்மாவின் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் கொட்டிலில் பால்மா வாங்கக் காசில்லை. உம்மா தாய்ப்பால் மட்டும்தான் தந்தார். இதைச் சொன்னபோது உம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நாட்களில் பால்மா டின் ஒன்றுகூட வாங்கித் தர முடியவில்லையே என்று முப்பத்தைந்து வருடமாக மனதுக்குள் வைத்திருந்தாராம்.

இப்போது எங்கள் கிணற்றுத் தண்ணீர் குளிக்க, துவைக்க, வுழூச் செய்ய, மரத்துக்கு ஊற்ற. குடிக்க வேறு எடுக்கிறோம். குடத்தோடு வரும் அயலவருக்கு உம்மாவே விஷயத்தைச் சொல்லி அனுப்புகிறார்.

பாடசாலையில் ஒரு கிணற்றுப் பதிவேடு தொடங்கப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். கிணறு எப்போது வெட்டியது, எத்தனை அடி, பக்கத்தில் என்ன பயிர், மலக்குழி எவ்வளவு தூரம், நைத்திரேற்று எவ்வளவு, உப்பு எவ்வளவு. பெயருக்குப் பதிலாக இலக்கம் மட்டும் இருக்கும். வருடத்துக்கு இரண்டு தடவை பிள்ளைகள் பதிவார்கள். சோதனைத் தாள் டப்பாவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. கைக்குழந்தை இருக்கும் வீடுகளுக்கு முதலிடம். உங்கள் போத்தலைப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்.

பழைய கிணறுகளைப் பற்றி ஞாபகம் உள்ள பெரியவர்கள், முன்பு தண்ணீர் எடுத்துப் போனவர்களைக் கண்டவர்கள், கீழே எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். அதுவும் பதிவேட்டில் சேரும்.